பாஞ்சாலியும் ஒன்பதாம் கேள்வியும்

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பாஞ்சாலியை ஆராய்ச்சியாளர் என்று யாரும் சொன்னதில்லை. "மறதி கேக்கற அம்மா வருது" என்பார்கள். அவருக்கே மறதி வியாதி என்று நினைத்தவர்களும் உண்டு. பேருந்து நிற்கும் இடத்தை அவருக்கு இரண்டு முறை சொல்வார்கள். சிலர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஏற்றியும் விடுவார்கள். பாஞ்சாலி மறுத்துப் பேசமாட்டார். "தொணைக்கு ஒரு ஆளு வந்தா கசக்குதா?" என்பார்.

1984ஆம் ஆண்டு இந்த வேலைக்கு வந்தபோது அவருக்கு வயது முப்பத்தாறு. உத்திரமேரூர் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. கணவருக்கு ஒன்றரை ஏக்கர் நெல்லும், அண்ணன் தம்பிகளோடு ஒரு பம்புசெட்டில் பங்கும் இருந்தன. இரண்டு பிள்ளைகள். பதினொரு வருடம் பால்வாடி ஆசிரியையாக இருந்தார். இடையில் அஞ்சல் வழியில் சமூகவியல் பி.ஏ. எழுதி, மூன்று பாடங்களை இரண்டாம் முயற்சியில் தேறினார். அவருடைய குடும்பத்தில் அவருக்கு முன் பெண்கள் யாரும் கல்லூரிப் பாடப்புத்தகத்தைத் திறந்ததில்லை. அவரும் கல்லூரிக் கட்டடத்துக்குள் போனது தேர்வு எழுத மட்டும்தான்.

அவரைப் பற்றி மிகையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கையெழுத்து சுமார். கணக்கு அதைவிடச் சுமார். ஒரு குணம் மட்டும் அவரிடம் குறிப்பிடத்தக்கது: கேள்வி கேட்டால் பதில் வரும்வரை சும்மா இருப்பார். இது எளிதாகத் தோன்றும். பெரும்பாலானவர்கள் கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலையும் தாங்களே பாதி சொல்லிவிடுகிறார்கள். நான்கு வயதுக் குழந்தைகளிடம் பதினொரு வருடம் பேசியவருக்கு, ஒரு பதில் புறப்பட்டு வாய்க்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பது தெரிந்திருந்தது.

அதைக் கண்டுபிடித்தவர் டாக்டர் இந்திராணி. காஞ்சிபுரத்தில் பட்டு நெசவு செய்யும் குடும்பம். மனநல மருத்துவம் படித்துவிட்டுச் சென்னையில் ஓர் ஆய்வு மையத்தில் வேலை பார்த்தார். பாஞ்சாலியைவிட ஐந்து வயது இளையவர். முதியவர்களுக்கு வரும் மறதி நோய் அவர்களுடைய நடத்தையை எப்படி மாற்றுகிறது என்பதைக் கிராமங்களில் ஆராய்வது அவர் பொறுப்பு. முதலில் சென்னையிலிருந்து இரண்டு பட்டதாரிகளை அனுப்பினார்கள். மழைக்காலம் முடிவதற்குள் ஒருவர் அம்மை போட்டுத் திரும்பிவிட்டார். இன்னொருவருக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. "வந்துட்டுப் போறவங்க வேணாம், அங்கேயே இருக்கற ஒருத்தருக்கு நான் சொல்லித்தரேன்" என்று இந்திராணி மையத்தின் ஆய்வுக் குழுவிடம் சண்டை போட்டு, ஓராண்டுப் பயிற்சிக்கு ஓர் இடம் வாங்கினார். நாலு ஊர் பால்வாடிகளுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பாஞ்சாலியிடம் வந்து, "அக்கா, எங்கூட வேலை செய்யறீங்களா?" என்று கேட்டார். பாஞ்சாலி வழக்கம்போலச் சற்றுச் சும்மா இருந்தார். பிறகு, "இன்னா வேலைங்க?" என்றார்.

"கேள்வி கேக்கறது."

"அதுக்குமா சம்பளம் குட்பாங்க?"

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓர் உரக்கடை மாடியில் அலுவலகம். வேப்பம் புண்ணாக்கு வாசனையில்தான் பயிற்சி நடந்தது. திங்களும் வியாழனும் இந்திராணி வருவார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு முரட்டுக் கிழவராக அவர் நடிக்க, பாஞ்சாலி கேள்வி கேட்கவேண்டும். "எனுக்கு ஒண்ணும் மறக்கல, நீ எயுந்து போ!" என்று ஒருநாள் இந்திராணி கத்திய கத்தலில், யாரோ அடிதடி என்று உரக்கடைக்காரர் தராசுத் தட்டோடு மேலே ஓடிவந்தார். இருவரும் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. சிரிப்பு அடங்கியதும் இந்திராணி கறாராகிவிடுவார்: "அக்கா, நீங்க நம்பறதை எழுதாதீங்க. பார்த்ததை எழுதுங்க." அந்த ஆண்டு முழுவதும் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம் இது ஒன்றுதான்.

படிவத்தில் இருபத்தைந்து கேள்விகள். இன்று என்ன கிழமை, இது எந்த ஊர், மூன்று பொருள்களின் பெயரைச் சொல்கிறேன், சற்றுப் பொறுத்துத் திருப்பிச் சொல்லுங்கள் என்று போகும். சரியான பதிலுக்கு ஒரு மதிப்பெண். பதில் வராவிட்டால் பூஜ்யம். பதினாறோ அதற்குக் கீழோ வந்தால் நோய் இருக்கலாம் என்று பொருள். வெளிநாட்டில் செய்த படிவத்தைச் சென்னையில் தமிழாக்கியிருந்தார்கள். ஒன்பதாம் கேள்வி: 'உங்கள் கணவர் அல்லது மனைவியின் பெயர் என்ன?'

பயிற்சியின் முடிவில் ஒரு சோதனை இருந்தது. இருபத்துநான்கு முதியவர்களைப் பாஞ்சாலி தனியாகப் பார்த்து மதிப்பெண் போடவேண்டும். ஒரு வாரம் கழித்து, அவருடைய தாளைப் பார்க்காமல், அதே ஆட்களை இந்திராணி பார்ப்பார். ஒவ்வொரு கேள்வியிலும் பத்துக்கு ஒன்பதாவது இருவருக்கும் ஒத்துப்போனால், பாஞ்சாலி ஆய்வாளராகச் சேர்க்கப்படுவார். இல்லாவிட்டால் ஜூன் மாதம் பால்வாடிக்கே திரும்பவேண்டும். அந்த வேலையை அதுவரைதான் அவருக்காக நிறுத்திவைத்திருந்தார்கள்.

பால்வாடி மோசமான இடம் அல்ல. ஆனால் கேள்வி கேட்பதே ஒரு வேலையாக இருக்கலாம் என்பதை முப்பத்தாறு வயதில் தெரிந்துகொண்டவருக்கு, முப்பத்தேழில் அதை விடுவது எளிதல்ல. அவர் கணவர் இதைப் புரிந்துகொண்டார் என்று சொல்லமுடியாது. "இங்க கொயந்தைங்களக் கேட்ட, அங்க கெயவிங்களக் கேக்கற. ஒரே வேலதானே?" என்று சொன்னார். ஆனால் அதிகாலையில் மிதிவண்டியில் கொண்டுபோய்ப் பேருந்தில் ஏற்றிவிட்டவரும் அவரே.

1985 ஏப்ரலில் இரண்டு தாள்களையும் ஒப்பிட்டுப் பார்த்த புள்ளிவிவரக்காரர் மணவாளன் சென்னையிலிருந்து நேரில் வந்தார். கடுமையான மனிதர் என்று பெயர். உண்மையில் எண்களிடம் மட்டுமே அவர் கடுமையாக இருந்தார். உரக்கடை மாடியில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, தாள்கள் பறக்காமல் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, ஒளிக்காம சொல்லுங்க. இந்த ஊருக்கெல்லாம் நீங்க போனீங்களா?"

"போனேங்க."

"மத்த கேள்வி எல்லாம் டாக்டரோட ஒத்துப்போகுது. ஒன்பதாவது மட்டும், பன்னெண்டு பொம்பளைங்களுக்கும் தலைகீழா இருக்கு. டாக்டர் பூஜ்யம் போட்ட பதினோரு பேருக்கு நீங்க ஒண்ணு போட்டிருக்கீங்க. அவங்க ஒண்ணு போட்ட ஒரே ஒரு அம்மாவுக்கு, திருமுக்கூடல் ராணியம்மாளாம், நீங்க பூஜ்யம். அது பத்தாதுன்னு பக்கத்துல 'உடனே கவனிக்கவும்'னு வேற எழுதியிருக்கீங்க. மரத்தடியில உக்காந்து நிரப்பிட்டீங்களா?"

பாஞ்சாலியின் முகம் சிவந்தது. மணவாளனே தொடர்ந்தார். தன் எண்களைத் தானே மறுபடி பார்த்தவர்போல அவருடைய குரல் சற்று மாறியது.

"ஆனா ஒரு விஷயம். கண்ணை மூடிக்கிட்டுப் போட்டாக்கூடப் பாதி ஒத்துப்போயிருக்கும். ஒண்ணுகூட ஒத்துப்போகாம இருக்கணும்னா, யோசிச்சுப் போட்டாத்தான் முடியும்."

"யோசிச்சித்தாங்க போட்டேன்" என்றார் பாஞ்சாலி. "வூட்டுக்காரர் பேரக் கேட்டா அவங்க எப்டிங்க சொல்வாங்க? சொன்னா அவரு ஆயுசு கொறஞ்சிடும்னு கீறாங்க. ஒருத்தி முந்தானைய வாயில வச்சிக்கினா. ஒருத்தி, 'உனுக்குத்தான் தெரியுமே, அப்பால எதுக்குக் கேக்கற'ன்னு என்னையே அட்ச்சா. பதினோரு பேருக்கும் வெக்கம் வந்துச்சி. அந்தத் திருமுக்கூடல் அம்மா மட்டும் வெக்கமே இல்லாம பட்டுன்னு பேரச் சொல்லிட்டாங்க. மறந்து போனவளுக்கு வெக்கம் எப்டிங்க வரும்? பாத்தத எழுதச் சொன்னாங்க டாக்டரம்மா. நான் பாத்தது வெக்கம்."

இந்திராணி நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"சின்ன வயசுல எங்கம்மா ரேஷன் கடைக்கு என்னைக் கூட்டிட்டுப் போவாங்க" என்றார். "எதுக்குன்னு நினைக்கறீங்க? பை தூக்க இல்ல. குடும்பத் தலைவர் பேரு என்னன்னு கடைக்காரர் கேட்டா, நான்தான் அப்பா பேரைச் சொல்லணும். இத்தனை வருஷம் அதைப் பார்த்து வளர்ந்துட்டு, விதிப்படி பதினோரு பேருக்குப் பூஜ்யம் போட்டிருக்கேன். எங்கம்மா உக்காந்திருந்தாலும் போட்டிருப்பேன்."

படிப்பு ஒருவருக்குப் புதிய கண்களைத் தருகிறது என்கிறார்கள். அது உண்மையாக இருக்கலாம். அதே படிப்பு பழைய கண்களை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்கிறது என்பதும் உண்மை. இந்திராணி அதை உரக்கடை மாடியில் ஒப்புக்கொண்டார். ஒரு புள்ளிவிவரக்காரர் முன்னால், தன்னிடம் பயில்பவர் முன்னால். இப்படி ஒப்புக்கொள்கிறவர்கள் குறைவு.

மணவாளன் பேனாவை எடுத்து வேறொரு கணக்குப் போட்டார். இந்திராணியின் தாள்படி அந்தப் பன்னிரண்டு பெண்களில் ஒன்பது பேர் நோயாளிகள். எழுதப் படிக்கத் தெரியாததால் சில மதிப்பெண்கள் ஏற்கெனவே போயிருந்தன. ஒன்பதாம் கேள்வியும் போனதும் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டார்கள். நடவுக்கு ஆள் பிடிப்பது, சீட்டு நடத்துவது எல்லாம் இந்த ஒன்பது பேரில் சிலர்தான். பத்தொன்பது மதிப்பெண் வாங்கி, பெண்களிலேயே முதலாவதாக வந்திருந்தவர் ராணியம்மாள்.

"சரி, வெக்கம்னு வெச்சுக்குவோம்" என்றார் மணவாளன். "ஆனா வெக்கத்தை நான் எப்படிக் கணக்குல போடறது? நீங்க பார்த்தா தெரியுது. நாளைக்கு வேற ஒருத்தி போனா அவளுக்கும் அதே மார்க் வரணும் இல்ல? இல்லன்னா அது உங்க சாமர்த்தியம், ஆராய்ச்சி இல்ல. மே கடைசி வாரம் குழு கூடுது. அதுக்குள்ள ஒரு விதி எழுதிக் கொடுங்க. அப்புறம் அந்த ராணியம்மாளை நான் பார்க்கணும். முதல் மார்க் வாங்கினவங்களுக்கு நோய்னு சொன்னா, குழுவுல என்னைத்தான் கேப்பாங்க."

அவர் சொன்னது சரி. பாஞ்சாலிக்கும் அது சரி என்று பட்டது. அதனால் கோபம் இன்னும் அதிகமாயிற்று. கோபத்தோடு அவர் மறுநாளே வேலையில் இறங்கினார்.

பெயரைச் சொல்லாமல், பெயர் தெரியும் என்பதைக் காட்டவேண்டும். பாஞ்சாலி யோசித்த வழி எளிமையானது. மூன்று ஆண்களின் பெயரைத் தானே ஒவ்வொன்றாகச் சொல்வது. சரியான பெயர் வரும்போது அந்த அம்மாள் தலையாட்டவேண்டும். இந்திராணி ஒப்புக்கொண்டார். முதல் வீட்டிலேயே அது கவிழ்ந்தது. முதல் பெயரைச் சொன்னதும் அந்த அம்மாள் காதைப் பொத்திக்கொண்டு எழுந்தே போய்விட்டார். பாஞ்சாலி சும்மா வாய்க்கு வந்ததாகச் சொன்ன பெயர், அவருடைய கணவரின் அண்ணன் பெயர். அதையும் காதால் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கக்கூடாது.

"ஊர்ல ஆயிரம் ஆம்பள கீறான், உனுக்கு எங்க மூத்தாருதான் கெட்ச்சாரா?" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

ஆகவே விதியில் இன்னொரு வரி சேர்ந்தது: மற்ற இரண்டு பெயர்களும் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இருக்கக்கூடாது, முன்கூட்டியே பக்கத்து வீட்டில் விசாரித்துக்கொள்ளவேண்டும். அடுத்த சிக்கல் தலையாட்டல். ஒருவர் தலையாட்டினார், ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஒருவர் "ம்க்கும்" என்றார், ஒருவர் பாஞ்சாலியின் தொடையில் கிள்ளினார். கிள்ளலுக்கு எத்தனை மதிப்பெண் என்று இந்திராணியிடம் பாஞ்சாலி கேட்டார். "வலிச்சுதா?" என்றார் இந்திராணி. "வலிச்சிது." "அப்போ முழு மார்க்." கடைசியில் தரையில் மூன்று புளியங்கொட்டைகளை வைத்து, பெயருக்கு ஒன்றாகத் தொட்டுக் காட்டிவிட்டு, சரியானதை எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். அது நின்றது. பாஞ்சாலி ஒரு முறையும், அவருக்குத் தெரியாமல் இந்திராணி ஒரு முறையும் கேட்டார்கள். பதினோரு பெண்களும் இரண்டு முறையும் சரியான கொட்டையையே எடுத்தார்கள்.

ராணியம்மாளைப் பார்க்க மூவரும் ஒரு காலை நேரத்தில் திருமுக்கூடல் போனார்கள். பாலாற்று மணலைத் தாண்டி நடந்ததில் மணவாளனின் தோல்செருப்பு முழுக்க மணல். வீட்டு முன்னால் வேர்க்கடலை காய்ந்துகொண்டிருந்தது. அறுபத்தாறு வயது ராணியம்மாள் கோழி விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வந்தவர்களைப் பார்த்ததும் வீட்டுக்குள் திரும்பி, ஊருக்கே கேட்கும்படிக் கூப்பிட்டார்.

"ஏ சடையப்பா! தோ ஆளுங்க வந்து கீறாங்க பாரு! பாய எட்தாந்து போடு!"

அடுத்த வீட்டுச் சுவருக்குப் பின்னால் பெண்களின் சிரிப்புச் சத்தம் குபீரென்று எழுந்தது. எழுபது தாண்டிய அவருடைய கணவர் சடையப்பன், பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, புது மாப்பிள்ளை போல முகமெல்லாம் பல்லாக வந்தார். "தோ, வந்துட்டன்" என்றார்.

மருமகள் சொக்கம்மாள் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "பாத்தீங்களா? தெருவுல தலகாட்ட முடியல. மாமியாருக்கு வயசான காலத்துல திமிரு ஏறிப் பூட்ச்சி. ரெண்டு மாசமா நான் அவங்களோட பேசறதே இல்ல."

"எப்பத்திலேர்ந்து இப்டிக் கூப்புடறாங்க?" என்று கேட்டார் பாஞ்சாலி.

"கூப்புடறது பொங்கல்லேர்ந்து."

பாஞ்சாலி அடுத்த கேள்விக்குப் போகாமல் சும்மா இருந்தார். சொக்கம்மாள் கோழியைப் பார்த்தாள், கடலையைப் பார்த்தாள், பிறகு தானே சொன்னாள்.

"ஆனா அதுக்கும் முன்னாடி ஒண்ணு கீது. மாமனாரு பேரு சடையப்பனாச்சா, 'சடை'ன்னுகூட சொல்லமாட்டாங்க. எம் பொண்ணுக்குத் தல வாரணும்னா 'பின்னல் போடறன் வா'ன்னுதான் கூப்புடுவாங்க. போன ஆடில ஒருநாளு, 'சடை போடறன் வாடி'ன்னாங்க. நான் அப்பவே, இன்னாடா இதுன்னு பாத்தன்."

இந்திராணி பேனாவை எடுத்தார். நோய் எப்போது தொடங்கியது என்பதை வீட்டார் சரியாகச் சொல்வது அபூர்வம். இங்கே மாதத்தோடு கிடைத்துவிட்டது.

மணவாளன் மோர் குடித்தபடி கிசுகிசுத்தார்: "நல்லாத்தானே பேசறாங்க?"

ராணியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாப்பா, பொண்ணு பாக்க வந்தியா? எம் பேத்தி ஸ்கூலுக்குப் போய்க்கீது. உக்காரு, வந்துடும்."

"இல்லம்மா, எனக்குக் கல்யாணம் ஆகி ரெண்டு பசங்க" என்றார் மணவாளன், பதறிப்போய்.

"அப்டியா, சந்தோசம். சாப்ட்டியா?"

இந்திராணி மூன்று பொருள்களின் பெயரைச் சொன்னார்: முறம், வண்டி, எலுமிச்சம்பழம். ராணியம்மாள் மூன்றையும் கணீரென்று திருப்பிச் சொன்னார். பிறகு கடலை விலை, ஆற்றுத் தண்ணீர் என்று பேச்சு போயிற்று. சற்றுக் கழித்து இந்திராணி மறுபடி கேட்டபோது, "நீ எப்ப சொன்ன? சொல்லியிருந்தா மறப்பனா?" என்று சிரித்து மடக்கினார். மூன்றில் ஒன்றுகூட இல்லை. பழைய தாளை எடுத்துப் பார்த்தார்கள். அவர் இழந்திருந்த ஆறு மதிப்பெண்களில் நான்கு, புதிதாகக் கேட்டதை நினைவில் வைக்கும் கேள்விகளில்தான் போயிருந்தன. கூட்டுத்தொகையில் அது மறைந்திருந்தது. கலகலப்பான பேச்சும், ஒன்பதாம் கேள்விக்குத் தயங்காமல் சொன்ன பதிலும் அவரை மேலே ஏற்றிவிட்டிருந்தன.

"இன்னாப்பா, பொண்ணு பாக்க வந்தியா?" என்று ராணியம்மாள் மணவாளனை மறுபடி கேட்டார். மணவாளன் மறுபடி விளக்கினார். மூன்றாம் முறை கேட்டபோது அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பொண்ணு என்ன படிக்குதும்மா?" என்றார். ராணியம்மாளுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லிமுடியாது. நோயாளியிடம் எப்படிப் பேசவேண்டும் என்று பிற்பாடு எழுதப்பட்ட குறிப்புகளில் இதைவிடச் சிறந்த வரி இல்லை. அந்தக் குறிப்புகளை எழுதவேண்டிய இந்திராணி பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்திராணி வீட்டாரிடம் பொறுமையாகச் சொன்னார். இது திமிர் அல்ல, நோய், மெதுவாகக் கூடும், அதட்டக்கூடாது, ஆற்றுப் பக்கம் போனால் கூட ஆள் போகவேண்டும், பாஞ்சாலி மாதாமாதம் வந்து பார்ப்பார். அந்தக் கடைசி வார்த்தையைச் சொன்னபோது அவர் பாஞ்சாலியின் பக்கம் பார்க்கவில்லை. குழு இன்னும் கூடவில்லை.

"அப்போ வேணும்னு பண்லியா இவங்க?" என்றாள் சொக்கம்மாள். அவள் கண் கலங்கிவிட்டது, உடனே சிரிப்பும் வந்துவிட்டது. "நான் வேற ரெண்டு மாசமா மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு... எத்தே, மோர் குடிக்கிறியா?"

"உனுக்கு இப்பத்தான் கேக்கணும்னு தோணுச்சா?" என்றார் ராணியம்மாள்.

சடையப்பன் இந்திராணியைத் தனியே கூப்பிட்டுக் கவலையோடு கேட்டார். "யம்மா, மருந்து குட்த்தா இவ பேரு சொல்றது நின்னுடுமா?"

"அதுக்கு மருந்து இன்னும் வரலைங்க."

கிழவர் நிம்மதியாக மூச்சு விட்டார். "ஆயுசு கொறயும்ன்றாங்க. எழுபத்திமூணு ஆச்சி, இனிமே கொறஞ்சா கொறயட்டும். கட்டிக்கினு அம்பது வருசம், 'இந்தா'ன்னா, 'யோவ்'ன்னா, 'கேட்டியா'ன்னா. எனுக்கு ஒரு பேரு கீதுன்றதே இப்பத்தான் தெரியிது."

திரும்பி வரும்போது பேருந்தில் மணவாளன், "படிவத்துல சரியான பதில், ஊர்ல அதுவே நோயோட அடையாளம்" என்று தனக்குத்தானே இரண்டு முறை சொல்லிக்கொண்டார்.

மே கடைசி வாரம் சென்னையில் குழு கூடியது. நீளமான மேசை, ஐந்து ஆண்கள். பாஞ்சாலியை அழைத்து உட்காரவைத்தார்கள். புளியங்கொட்டைகளையும் விதித்தாளையும் இந்திராணி எடுத்துக் காட்டினார். புதிய ஒப்பீட்டு எண்களை மணவாளன் வாசித்தார். அவர் குரலில் தான் பெற்ற பிள்ளையின் மதிப்பெண்ணை வாசிப்பதுபோல ஒரு மெதுவான பெருமை இருந்தது. தலைவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"நல்லது. ஆனா விதியை மீறி மார்க் போட்டிருக்கீங்களே அம்மா. அது தப்புதானே?"

"தப்புதாங்க" என்றார் பாஞ்சாலி. "முன்னாடியே கேட்டுக்கினு போட்டிருக்கணும்."

தலைவர் தலையசைத்தார். நியமனத் தாள் அவர் முன்னால் இருந்தது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று சம்பிரதாயமாகக் கேட்டார்.

நன்றி சொல்லிவிட்டு எழுந்திருப்பார் என்று இந்திராணி எதிர்பார்த்தார். பாஞ்சாலி சற்றுச் சும்மா இருந்தார்.

"பதினாலாங் கேள்விங்க."

"அதுல என்ன? அது ரெண்டு பேருக்கும் நூத்துக்கு நூறு ஒத்துப்போயிருக்கே."

"ஒத்துப்போயிட்சிங்க. ஆனா ரெண்டு பேருமே தப்பு. 'தன் உணவைத் தானே சமைத்துக்கொள்ள முடிகிறதா'ன்னு கீது. பன்னெண்டு ஆம்பளைங்களுக்கும் நானும் பூஜ்யம் போட்டேன், டாக்டரம்மாவும் பூஜ்யம் போட்டாங்க. அவங்க மறந்து போயி சமைக்காம இல்லீங்க. எப்பவுமே சமைச்சதில்ல." அவர் மேசையைச் சுற்றிப் பார்த்தார். கேட்பதா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கியது தெரிந்தது. "ஐயா, தப்பா எட்துக்காதீங்க. இங்க கீறவங்கள்ல எத்தினி பேரு சமைப்பீங்க?"

இந்திராணி கண்களை மூடிக்கொண்டார். மணவாளன் தாள்களை அடுக்கத் தொடங்கினார். பாஞ்சாலி பதில் வரும்வரை காத்திருந்தார். ஒரு குழந்தைக்குக் காத்திருப்பதைப் போல, எந்த அவசரமும் இல்லாமல்.

"நான் காபி போடுவேன்" என்றார் ஓர் உறுப்பினர்.

"டிகாக்ஷன் யாருங்க எறக்குவாங்க?"

"அது... வீட்டுல."

"அது சேத்தி இல்லீங்க."

தலைவர்தான் முதலில் சிரித்தார். பிறகு மேசை முழுவதும் சிரித்தது. காபிக்காரர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். "எனக்கும் ஒரு மார்க் போச்சா அம்மா?" என்று கேட்டபடியே தலைவர் பேனாவைத் திறந்தார்.

"போச்சிங்க."

அவர் கையெழுத்துப் போட்டு, தாளைப் பாஞ்சாலியின் பக்கம் நகர்த்தினார். ஜூன் மூன்றாம் தேதி திங்கட்கிழமை வேலையில் சேரவேண்டும். வரும்போது பதினாலாம் கேள்விக்கு ஒரு விதி எழுதிக்கொண்டு வரவேண்டும். பாஞ்சாலி தாளை இரண்டாக மடித்து, விரித்து, மறுபடி ஒருமுறை படித்தார். பிறகு இந்திராணியிடம் திரும்பி, "ஆம்பளைங்க இன்னாதாங்க செய்வாங்க?" என்று மெல்லக் கேட்டார். படிக்கட்டு இறங்கும்போதும், பேருந்து நிறுத்தத்திலும், அவர்கள் இருவரும் அதையேதான் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்கள். தாம்பரம் வரும்வரை நான்கு வரிகூடத் தேறவில்லை.